பி.எஸ்சி. படிக்கும்போதே பி.எச்டி.க்கு விண்ணப்பிப்பது

அச்சங்குளத்தில் ஒரு வீடு. சாயங்காலம் ஆறரை மணி. பட்டாசுக் கம்பெனி வேன் வந்து இறக்கிவிட்டுப் போன பிறகு அந்த அம்மா வாசல் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். சோப்புப் போட்டு, தேங்காய் நாரை வைத்துத் தேய்த்தும் நகக்கண்ணில் இறங்கிய அலுமினியப் பொடி போகவில்லை. விளக்கு வெளிச்சத்தில் விரல் நுனிகள் மட்டும் மினுங்கின. மகள் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. அவள் படிப்பைப் பற்றிப் பேசத்தான் போயிருந்தேன்.

"பாப்பா பி.எச்டி. வரைக்கும் போகலாம்க்கா."

"அதுக்கு இன்னும் எவ்வளவு சார் கட்டணும்?"

"கட்ட வேண்டாம். அவங்கதான் மாசாமாசம் தருவாங்க."

அவர் நம்பவில்லை. மகளைப் பார்த்தார். மகளும் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இந்தப் பேச்சு எனக்குப் பழகிய ஒன்று. வெம்பக்கோட்டைப் பக்கம், ஏழாயிரம்பண்ணைப் பக்கம், சாத்தூரைச் சுற்றி எத்தனையோ வீடுகளில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அதனால் இந்த அத்தியாயத்தைப் பணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மத்திய அரசின் ஆராய்ச்சி உதவித்தொகை, இளநிலை ஆராய்ச்சியாளர் நிலையில் மாதம் 37,000 ரூபாய்; முதுநிலைக்கு 42,000. 2023 ஜனவரி முதல் இந்த அளவு நடைமுறையில் இருக்கிறது. விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. பி.எஸ்சி. முடித்ததும் நேரே சேரும் ஒருங்கிணைந்த பி.எச்டி.யில் முதல் இரண்டு ஆண்டு பாடம் படிக்கும் காலம். அப்போது பெரும்பாலான நிறுவனங்கள் இதைவிடக் குறைந்த தொகை தரும். பிறகு முழுத்தொகைக்கு வந்துவிடும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும் என்பதால் சேருமுன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அடிப்படை இதுதான்: அறிவியலில் முழுநேர முனைவர் பட்டம் என்பது நல்ல இடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு படிப்பது. கடன் வாங்கிப் படிக்க வேண்டிய பி.எச்டி. என்று ஒன்றை யாராவது காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்த தவறான எண்ணம், பி.எச்டி. என்றால் எம்.எஸ்சி., எம்.ஃபில். எல்லாம் முடித்து முப்பது வயதில் யோசிக்க வேண்டியது என்பது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூருவில் அதன் உயிரியல் மையம், ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையம், சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம், திருவனந்தபுரத்தை அடுத்த விதுரா உட்படப் பல ஊர்களில் உள்ள ஐசர்கள் என எத்தனையோ இடங்களில் மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்தவர்கள் நேரே சேரும் ஒருங்கிணைந்த பி.எச்டி. இருக்கிறது. எந்த ஆண்டில் எந்தத் துறைக்கு எடுக்கிறார்கள் என்பது மட்டும் மாறும். சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியிலோ, எஸ்.எஃப்.ஆர். மகளிர் கல்லூரியிலோ, விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரியிலோ, வன்னியப்பெருமாள் மகளிர் கல்லூரியிலோ படிக்கும் பிள்ளைக்கு இந்த வாசல் அடைத்திருக்கவில்லை. கடைசி ஆண்டு மாணவர்களே விண்ணப்பிக்கலாம்.

நான்காண்டு இளநிலைப் படிப்பு பற்றியும் கேட்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி நான்காண்டு இளநிலைப் படிப்பை 75 விழுக்காட்டுடன் முடித்தவர் நேரே பி.எச்டி.க்கு விண்ணப்பிக்கலாம்; ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு. நம் பக்கத்துக் கல்லூரிகளில் பெரும்பாலும் மூன்றாண்டுப் படிப்புதான் என்பதால் நமக்கு இது இப்போதைக்குப் பெரிதாகப் பயன்படாது. ஒருங்கிணைந்த பி.எச்டி.தான் நம் வழி. அது அமையாவிட்டால், ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி. ஒன்றில் எம்.எஸ்சி. சேர்ந்து, அங்கிருந்து நெட் அல்லது கேட் தேர்வு வழியாகப் பி.எச்டி.க்குப் போவது. இரண்டுமே நல்ல வழிகள்தான்.

நம் பிள்ளைகள் பின்தங்குவது மதிப்பெண்ணால் என்று நான் நினைத்ததில்லை. தேதியால்தான். ஏப்ரலில் கடைசிப் பருவத் தேர்வு எழுதிவிட்டு, மே மாதம் ரிசல்ட் பார்த்துவிட்டு, ஜூனில் "அடுத்து என்ன சார்?" என்று வருகிறார்கள். அந்நேரம் விண்ணப்பக் காலம் முடிந்து எட்டு மாதம் ஆகியிருக்கும்.

தேதிக்கணக்கு இதுதான். டாடா நிறுவனத்தின் நுழைவுத் தேர்வு வழக்கமாக டிசம்பரில். ஜாம் தேர்வு பிப்ரவரியில். அதற்கான விண்ணப்பம் செப்டம்பரில் திறந்து அக்டோபரில் மூடிவிடும். இயற்பியல் மாணவர்களுக்கான ஜெஸ்ட் தேர்வு அதையொட்டி வரும். நேர்முகங்கள் கோடையில். ஜூலை, ஆகஸ்டில் சேர்க்கை. ஆக, மூன்றாம் ஆண்டில் கால் வைக்கும் ஜூன் மாதத்தில் நீங்கள் தயாராகத் தொடங்கியிருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு நவம்பரிலேயே செய்ய வேண்டிய ஒன்றும் உண்டு: பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் உள்ள மூன்று அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது. தேர்வானால் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை பார்க்கலாம்; உதவித்தொகையும் உண்டு. கணித மாணவர்களுக்கு 1993 முதல் நடந்துவரும் எம்.டி.டி.எஸ். கோடைப் பயிற்சி இருக்கிறது. இவற்றில் ஒன்றுக்காவது போய் வந்த பிள்ளையின் பேச்சே மாறிவிடுகிறது. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஜாம் தேர்வைப் பற்றிக் கொஞ்சம். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். முதல் பகுதியில் 30 கேள்விகளுக்கு ஒரே விடை. தப்பாகப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறைப்பார்கள். இரண்டாம் பகுதியில் ஒன்றோ, ஒன்றுக்கு மேற்பட்டோ விடை சரியாக இருக்கக்கூடிய 10 கேள்விகள். மூன்றாம் பகுதியில் எண்ணாக விடை எழுதும் 20 கேள்விகள். இந்த இரண்டு பகுதிகளிலும் தப்புக்குக் கழிவு கிடையாது. ஆகவே அங்கே ஒரு கேள்வியையும் காலியாக விடாதீர்கள். பாடத்திட்டம் பி.எஸ்சி. அளவுதான். ஆனால் கேட்கும் விதம் நம் பருவத் தேர்வு மாதிரி இல்லை. நம் தேர்வில் விதியை எழுதச் சொல்வார்கள்; இங்கே விதி பொய்த்துப்போகும் இடத்தைக் கேட்பார்கள். பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பத்து ஆண்டுத் தாள்களைக் கையால் போட்டுப் பார்த்தவர்களுக்குப் பயிற்சி மையம் தேவைப்பட்டதை நான் கண்டதில்லை.

இனி, நேரம் எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயம்: உங்களைப் பற்றி நீங்கள் எழுதும் நோக்க அறிக்கை. கோடை உதவித்தொகைக்கும், பல நேர்முகங்களுக்கும், வெளிநாட்டு விண்ணப்பங்களுக்கும் இதைக் கேட்பார்கள். நான் திருத்திக்கொடுத்தவற்றில் முக்கால்வாசி ஒரே மாதிரி தொடங்கின: சிறு வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம், அப்துல் கலாம், நாட்டுக்குச் சேவை. இவை பொய் இல்லை. ஆனால் எல்லோருக்கும் பொதுவானவை. படிக்கிறவருக்கு உங்களை அடையாளம் தெரியாது.

மேலே சொன்ன மாணவியும் அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தாள். தாளைக் கீழே வைத்துவிட்டு, "உங்க அம்மா வேலையில நீ பார்த்து, ஏன்னு புரியாம நிக்கிற ஒண்ணு சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். மழைக்காலத்தில் போர்மேன் மருந்து அறைப் பக்கம் ஈரக்காலோடு யாரையும் விடமாட்டாராம். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். அதற்காகச் சிட்டிகை போரிக் அமிலம் சேர்ப்பார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். "அவ்வளவு கொஞ்சம் போட்டா எப்படி சார் நிக்கும்? அதுதான் புரியல."

அந்தக் கேள்விதான் அவளுடைய நோக்க அறிக்கை. அலுமினியத்தின் மேல் எப்போதும் ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது. ஈரத்தில் நைட்ரேட் சேர்ந்து காரத்தன்மை கூடும்போது அந்தப் படலம் கரைகிறது. உலோகம் வெளிப்பட்டு வினை நடக்கிறது, வெப்பம் வருகிறது, வெப்பம் வினையை இன்னும் விரைவாக்குகிறது. போரிக் அமிலம் அந்தக் காரத்தன்மையைத் தடுக்கிறது. இதற்குப் பின்னால் இருப்பது பரப்பு வேதியியல், அரிமானவியல். காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் நிற்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காலங்காலமாக வேலை செய்துவரும் துறை. சிவகாசியிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடலாம். அவள் அந்த ஆய்வகத்தின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. தன் அம்மாவின் நகக்கண்ணுக்கும் அந்த ஆய்வகத்துக்கும் நடுவில் ஒரு நேர்கோடு இருக்கிறது என்று தெரிந்ததும் இரண்டு பக்கம் எழுதினாள். ஒரு வரிகூட இரவல் இல்லை.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரி 12 அன்று இதே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்தப் பக்கத்து மாணவர்களில் சொந்தத்திலோ தெருவிலோ ஒரு சாவைப் பார்க்காதவர்கள் குறைவு. அதை விண்ணப்பத்தில் எழுதலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். என் பதில்: அந்த இழப்பு உங்களை ஒரு கேள்விக்குக் கொண்டுபோய் விட்டது என்றால் எழுதுங்கள். உராய்வில் ஏன் பற்றிக்கொள்கிறது, கந்தகத்தையும் குளோரேட்டையும் சேர்க்கக்கூடாது என்று 1992இல் அரசு ஏன் தடை போட்டது, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடுத்த பிறகு நம் ஊர்க்காரர்கள் பச்சை உப்பு என்று சொல்லும் பேரியம் நைட்ரேட்டுக்குப் பதிலாக எதைப் போட்டால் அதே பச்சை வரும், இப்படி. பசுமைப் பட்டாசுக்காக நாக்பூரின் நீரி நிறுவனம் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில் காரைக்குடி ஆய்வகத்துக்கும் பங்கு உண்டு. அது முடிந்துபோன வேலையும் இல்லை. இரக்கப்பட்டு இடம் கொடுப்பார்கள் என்று எண்ணி மட்டும் அந்தச் சாவுகளை எழுதாதீர்கள். தேர்வுக்குழு இரக்கத்துக்கு இடம் தருவதில்லை, இறந்தவர்களுக்கும் அது மரியாதை இல்லை.

கண்டிப்பாக ஒன்று. ஆர்வத்தில் வீட்டில் மருந்தை வைத்து எந்தச் சோதனையும் செய்யக்கூடாது. ஒரு சிட்டிகை ஆனாலும் சரி. வீட்டில் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. கல்லூரியில் ஒரு சிறு ஆய்வு செய்ய வேண்டுமென்றால் ஊர்க் கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் மாதம் ஒருமுறை எடுத்து, காரகாடித்தன்மை, கடத்துதிறன், கடினத்தன்மை அளந்து ஓராண்டு எழுதிவையுங்கள். சாதாரண வேலைதான். ஆனால் பன்னிரண்டு மாதம் விடாமல் அளந்த நோட்டு ஒன்றை நேர்முகத்தில் மேசை மேல் வைத்தால் அதற்குத் தனி மதிப்பு இருக்கிறது. இரண்டாயிரம் மூவாயிரம் வாங்கிக்கொண்டு "சர்வதேச ஆய்விதழில்" கட்டுரை போட்டுத் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அந்த இதழ்களின் பெயர்கள் தேர்வுக்குழுவினருக்கு நன்றாகத் தெரியும். அங்கே உங்கள் பெயர் இருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். ஆசிரியராக என் வரிசையில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். "ஒழுக்கமானவர், பணிவானவர், வகுப்புக்குத் தவறாமல் வருபவர்" என்று எழுதிய கடிதத்தால் மாணவருக்கு ஒரு காசு பயன் இல்லை. "இரும்பின் அளவை டைக்ரோமேட் முறையில் கண்டுபிடித்தபோது மூன்று முறையும் விடை ஒத்துவரவில்லை. மற்றவர்கள் புத்தக விடையை எழுதிக்கொண்டு போனார்கள். இவள் தன் விடையையே எழுதி, சாயங்காலம் வரை இருந்து, பியூரெட்டின் மூக்கு கசிவதைக் கண்டுபிடித்தாள்" என்று எழுதினால் அது கடிதம். மாணவர்களே, உங்கள் ஆசிரியருக்கு நாற்பது பேர் முகம் நினைவிருக்கும். நாற்பது பேரின் சம்பவம் நினைவிருக்காது. ஒரு பக்கத்தில் நீங்கள் செய்தவற்றைத் தேதியோடு எழுதிக் கொடுங்கள். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள். பல இடங்களில் கடிதத்தை உங்களிடம் வாங்கமாட்டார்கள். ஆசிரியரின் மின்னஞ்சலுக்கே இணைப்பு போகும். அது கல்லூரி கொடுத்த முகவரியாக இருந்தால் நல்லது. "நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடுறேன்" என்று ஆசிரியர் சொன்னால், மேலே சொன்ன ஒரு பக்கத்தை நீட்டி, "நீங்களே எழுதுங்க சார், உங்க வார்த்தையில இருந்தாத்தான் மதிப்பாங்களாம்" என்று பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் எழுதிவிடுவார்கள்.

எந்த நிறுவனம் என்று தேடுவதைவிட யாரிடம் என்று தேடுங்கள். இதற்கு நம் மாவட்டத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. 1898இல் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி முடித்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்து, அங்கேயே வேதியியல் செய்முறை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். உள்ளூரிலேயே நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் 1920இல் கல்கத்தாவுக்குப் போனார். 1923 முதல் சி.வி. ராமனோடு சேர்ந்து ஆய்வு செய்தார். 1928இல் ராமன் விளைவை உலகுக்குச் சொன்ன நேச்சர் இதழ்க் கட்டுரையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன: ராமன், கிருஷ்ணன். பிறகு அவர் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். இன்று நீங்கள் ரயில் ஏறாமலே விஞ்ஞானிகளின் பக்கங்களைப் படிக்கலாம். ஒருவருடைய இரண்டு கட்டுரைகளையாவது, பாதி புரிந்தாலும் சரி, படித்துவிட்டு எழுதுங்கள். "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் மதிப்புமிக்க ஆய்வகத்தில்" என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதம் போனால் ஐம்பதும் படிக்கப்படாமல் போகும்.

வெளிநாட்டைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவில் இளநிலை முடித்ததும் நேரே பி.எச்டி. சேரும் வழக்கம் உண்டு, உதவித்தொகையும் உண்டு. டிசம்பர் முதல் பாதியில் கடைசித் தேதி, மூன்று பரிந்துரைக் கடிதம், ஏப்ரல் 15க்குள் பதில் சொல்லும் உரிமை. ஆனால் அவர்கள் படிப்பு நான்காண்டு. நம் மூன்றாண்டுப் பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும், சில ஏற்காது. ஆங்கிலத் தேர்வுக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஆகிற செலவு பட்டாசுத் தொழிலாளி வீட்டுக்குச் சாதாரணத் தொகை இல்லை. கட்டண விலக்கு கேட்டால் சில இடங்களில் தருவார்கள். என் எண்ணம்: முதலில் இங்கே ஒரு நல்ல இடத்தைப் பிடியுங்கள், முனைவரான பிறகு மேலாய்வுக்குப் போக வழி தானே திறக்கும்.

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தால் வீட்டில் பயப்படுவார்கள். பெங்களூரு என்றால் தூத்துக்குடியிலிருந்து வரும் மைசூரு எக்ஸ்பிரஸ் சாத்தூரில் நின்று போகிறது. மறுநாள் காலை பெங்களூருவில் இறங்கலாம். ரயில் கட்டணத்தைத் திருப்பித் தரும் நிறுவனங்களும் உண்டு. அழைப்புக் கடிதத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். உள்ளே கரும்பலகை இருக்கும். உங்களுக்குப் பிடித்த பாடம் எது என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்பார்கள். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். தெரியாததற்குத் "தெரியவில்லை, யோசித்துப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சாக்பீஸை எடுத்துப் படம் போடத் தொடங்குங்கள். ஆங்கிலம் தடுமாறினால் அதற்காக யாரும் உங்களைத் தள்ளுவதில்லை. சமன்பாட்டுக்கு உச்சரிப்பு கிடையாது.

அந்த அம்மாவின் கடைசிக் கேள்வி வேறு. "அஞ்சாறு வருசம் ஆகுமே சார், கல்யாணம்?" சுற்றி வளைக்காமல் பதில் சொன்னேன். பி.எச்டி. படிக்கும் பெண்ணுக்கு விதிப்படி 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு உண்டு; வழக்கமான ஆறு ஆண்டு உச்ச வரம்புக்கு மேல் இரண்டு ஆண்டு கூடுதல் அவகாசமும் உண்டு. படிப்பும் கல்யாணமும் ஒன்றையொன்று தடுக்காது. அவர் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "அப்ப அவ எழுதட்டும் சார்" என்றார்.

இதைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டிய வேலை இரண்டு. முதலாவது, பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், கல்லூரி மதிப்பெண் பட்டியல் மூன்றிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஷியல் ஒன்றில் முன்னும் ஒன்றில் பின்னும் இருந்து, நேர்முகம் வரை போன பிள்ளைகள் சான்றிதழ் சரிபார்ப்பில் அலைந்ததை நான் அறிவேன். இரண்டாவது, நம் மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் இந்த நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதையும் விண்ணப்ப அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்தில் மனுப் போட்டால் தாலுகா அலுவலகத்திலிருந்து வரச் சில வாரம் ஆகும். ஜாம் விண்ணப்பம் செப்டம்பரில் திறக்கிறது. ஜூலையிலேயே மனுப் போட்டுவிடுங்கள்.